கரி கலைவதற்குள்

முதல் பருவத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். ஒரு பெரிய புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் சிறு குழுவுக்கு நான் வரைபட வேலை செய்து தருகிறேன். அவர்கள் களத்தில் இருக்கிறார்கள், நான் வெகுதூரத்தில் கணினி முன்னால். வறண்ட பருவம் தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் வெப்பப்புள்ளிகளை, அதாவது செயற்கைக்கோள் தரையில் தீயின் சூட்டைக் கண்ட இடங்களை, பதிவிறக்கி, வரைபடத்தில் போட்டு அனுப்பி வந்தேன். அன்று அனுப்பிய படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. "நேற்று எதுவும் எரியவில்லை" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அரை மணி நேரத்தில் களப்பொறுப்பாளர் கூப்பிட்டார். "தம்பி, நான் கிழக்குச் சரிவுலதான் நிக்கிறேன். கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரியாக் கிடக்கு. ஒண்ணுமே எரியலைன்னு போட்டிருக்கீங்களே?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது. மாலை நாலு மணிவாக்கில் பிடித்த தீ, காற்றோடு சரிவில் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஓடையில் முட்டி, எட்டு மணிக்குள் அடங்கியிருந்தது. புல்லில் பிடிக்கும் தீ அப்படித்தான். காட்டில் விழுந்து கிடக்கும் மரம் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காய்ந்த புல்லோ நின்ற இடத்தில் சில நொடிகளில் எரிந்து முடிந்துவிடும். தீ ஓடிக்கொண்டே இருக்கும், அது விட்டுப்போன இடத்தில் சூடு தங்காது. நான் நம்பியிருந்த செயற்கைக்கோள் அந்தச் சரிவை மதியம் ஒன்றரை மணியை ஒட்டியும் பின்னிரவு ஒன்றரை மணியை ஒட்டியும் கடந்து போயிற்று. நடுவில் பன்னிரண்டு மணி நேரம். அதற்குள் ஒரு மலைச்சரிவே எரிந்து ஆறிவிட்டது.

அன்றிலிருந்து "எரியவில்லை" என்று நான் எழுதுவதில்லை. "இத்தனை மணிக்குக் கடந்தபோது வெப்பம் தென்படவில்லை, மேகம் இவ்வளவு இருந்தது" என்று எழுதுகிறேன். படிப்பவருக்குக் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் அதை நம்பி ஒருவர் தீத்தடுப்பு ஆட்களை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். அவருக்கு அந்த நீளம் தேவை.

வெப்பப்புள்ளி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதை எவ்வளவு நம்பலாம் என்ற அளவு எனக்குப் பிடிபட்டது. சாதாரண நிலம் அதிகமாக ஒளிர்வது ஏறத்தாழ 10 மைக்ரான் அலைநீளத்தில் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆயிரம் கெல்வின் அளவில் எரியும் சுடர் 3 மைக்ரானை ஒட்டி உச்சமாக ஒளிர்கிறது. அதனால் கருவிகள் 4 மைக்ரான் பட்டையில் பார்க்கின்றன. அதே இடத்தை 11 மைக்ரானிலும் பார்த்து, சுற்றியுள்ள பிக்சல்களோடு, அதாவது படத்தின் மற்றச் சிறு கட்டங்களோடு, ஒப்பிட்டு, இது மட்டும் ஏன் இவ்வளவு துள்ளி நிற்கிறது என்று கணக்குப் போடுகின்றன. இந்த வேறுபாடு மிகப் பெரியது என்பதால், ஒரு பிக்சலில் மிகச் சிறிய பகுதி எரிந்தாலே போதும். நாசாவின் டெரா, அக்வா செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் கருவியின் பிக்சல் ஒரு கிலோமீட்டர் அகலம். அதாவது பத்து லட்சம் சதுர மீட்டர். அதற்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குச் சுடர் இருந்தால் வழக்கமாகப் பிடித்துவிடும். புகையும் மேகமும் இல்லாத நல்ல சூழலில் நூறு சதுர மீட்டரைக்கூடப் பிடிக்கும். எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இது நடக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஆனால் அந்தப் பிக்சலுக்குள் எந்த மூலையில் சுடர் இருந்தது என்று கருவிக்குத் தெரியாது. வரைபடத்தில் நாம் பார்க்கும் புள்ளி பிக்சலின் நடு மையம், அவ்வளவே. இதை நான் படித்திருந்தேன். படித்தது கைக்கு வர ஒரு தவறு தேவைப்பட்டது. இரண்டாம் பருவத்தில் ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஐந்து தசம இலக்கத்தோடு அனுப்பினேன். அத்தனை இலக்கங்களைப் பார்த்தவர்கள், அவ்வளவு துல்லியமான இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வெயிலில் நடந்து அங்கே போனார்கள். பச்சை மாறாத சதுப்பு. தீ ஓடைக்கு அப்பால், முக்கால் கிலோமீட்டர் தள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஓடையைக் கடக்கச் சுற்றி வர வேண்டியிருந்ததில் மேலும் ஒரு மணி நேரம் போயிற்று.

பிறகுதான் அந்தப் புள்ளியின் மற்ற விவரங்களைத் திறந்து பார்த்தேன். ஸ்கேன், டிராக் என்று இரண்டு எண்கள் ஒவ்வொரு புள்ளியோடும் வருகின்றன. அந்தப் பிக்சல் தரையில் உண்மையில் எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்பதைச் சொல்பவை அவை. செயற்கைக்கோள் தலைக்கு மேலே போனால் மோடிஸ் பிக்சல் ஒரு கிலோமீட்டர். பார்வையின் ஓரத்தில் விழுந்தால் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் அகலமும் இரண்டு கிலோமீட்டர் நீளமுமாக விரிந்துவிடும். அதற்குப் பின் வந்த வியர்ஸ் கருவியில் 375 மீட்டரில் தொடங்கி ஓரத்தில் சுமார் 800 மீட்டர் வரை போகும். இப்போது நான் புள்ளியை அனுப்புவதே இல்லை. அந்த இரண்டு எண்களைக் கொண்டு ஒரு செவ்வகம் வரைந்து, "இதற்குள் எங்கோ" என்று அனுப்புகிறேன். கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் இதை ஒருமுறை அமைத்து வைத்தால் பிறகு தானாக நடக்கும். புதிதாக வருபவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. தரவில் இருக்கும் நேரம் யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரம். கிழக்கு நாடுகளில் பின்னிரவில் எரிந்த தீ, முந்தின நாள் தேதியில் போய் உட்காரும். போதாக்குறைக்கு நேரப் பத்தியில் முன்னால் வரும் சுழியம் சில கோப்புகளில் விழுந்துவிடும். 45 என்று இருந்தால் அது 00:45. நான் அதைப் பிழையான வரி என்று நினைத்து ஒரு மாதம் முழுவதும் அப்படிப்பட்ட வரிகளை நீக்கியிருக்கிறேன். நீக்கியவை எல்லாம் தீ.

பொய்ப்புள்ளிகளும் வரும். எங்கள் எல்லையோரத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதே இடத்தில் ஒரு புள்ளி வந்துகொண்டிருந்தது. யாரோ திரும்பத் திரும்பக் கொளுத்துகிறார்கள் என்று சந்தேகப்பட்டோம். கடைசியில் அது ஒரு செங்கல் சூளை. வெப்பம் உண்மைதான், புல் இல்லை. அதேபோல ஏரி நீரில் சூரியன் பளிச்சிடும் கோணம், வெயிலில் காய்ந்த தகரக் கூரை, எண்ணெய்க் கிணறுகளின் எரிவாயுச் சுடர் எல்லாம் புள்ளியாகலாம். சில மாதங்கள் கழித்து வெளியாகும் திருத்திய தரவில் ஒவ்வொரு புள்ளியின் வகையும் குறிக்கப்பட்டிருக்கும். எரிமலை, நிலையான வெப்பமூலம் போன்றவை அதில் தனியே பிரிந்துவிடும். அன்றாடத் தரவில் அந்த வசதி கிடையாது. எனவே உங்கள் பகுதியின் பழைய ஆண்டுப் புள்ளிகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வருடம் பூராவும் ஒரே இடத்தில் குவிபவற்றை முதலிலேயே குறித்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு தவறு எனக்கு இன்றும் உறுத்துகிறது. மூன்றாம் பருவ முடிவில் ஓர் அறிக்கை எழுதினேன். முந்தின ஆண்டுகளைவிடத் தீ பல மடங்கு பெருகிவிட்டது என்று அதில் படம் போட்டுக் காட்டினேன். கூட்டத்தில் எல்லோரும் கலங்கிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து, அந்தப் படத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தபோது காரணம் உறைத்தது. அந்த ஆண்டுதான் நான் மோடிஸோடு வியர்ஸ் தரவையும் சேர்க்கத் தொடங்கியிருந்தேன். ஒரு கிலோமீட்டர்க் கண்ணுக்கு ஒரே புள்ளியாகத் தெரிந்த தீ, 375 மீட்டர்க் கண்ணுக்கு ஐந்தாறு புள்ளியாகத் தெரியும். அதோடு வியர்ஸ் ஒன்றல்ல. 2011-இல் ஏவிய சுவோமி, 2017-இல் ஏவிய நோவா-20, 2022-இல் ஏவிய நோவா-21 என்று மூன்று செயற்கைக்கோள்களில் பறக்கிறது. ஒரே தீயை மூன்றும் தனித்தனியே எண்ணும். நிலத்தில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை, பார்க்கும் கண்கள்தான் கூடியிருந்தன. எல்லோரையும் மீண்டும் அழைத்துத் தவறைச் சொன்னேன்.

எனவே ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே கருவி, ஒரே செயற்கைக்கோள். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மோடிஸைச் சுமக்கும் இரண்டும், 1999 டிசம்பரில் ஏவிய டெராவும் 2002-இல் ஏவிய அக்வாவும், முதுமையை எட்டிவிட்டன. எரிபொருளைச் சேமிப்பதற்காக, கடக்கும் நேரத்தைச் சரிசெய்துகொள்வதை நிறுத்திவிட்டன. டெரா கொஞ்சம் கொஞ்சமாக முன்னதாகவும் அக்வா பிந்தியும் வருகின்றன. புல்வெளித் தீயோ நாளின் நேரத்தோடு ஏறி இறங்குவது, பிற்பகலில் உச்சம். பார்க்கும் நேரம் நகர்ந்தால் எண்ணிக்கையும் நகரும்.

இவ்வளவுக்கும் பிறகு நான் புள்ளிகளை விட்டுவிடவில்லை. காலையில் முதலில் திறப்பது இன்றும் இந்தப் புள்ளிகளை வெளியிடும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடம்தான். செயற்கைக்கோள் கடந்து போன மூன்று மணி நேரத்துக்குள் உலகத்தில் எந்த மூலையின் புள்ளியும் அதில் இலவசமாக வந்துவிடுகிறது. ஆனால் எரிந்தது எவ்வளவு, எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்ற கேள்விகளுக்கு விடை கரியில்தான் இருக்கிறது.

கரியைப் படிக்க நான் பயன்படுத்துவது தரையைப் படமெடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 2015-இல் முதலாவதையும் 2017-இல் இரண்டாவதையும் ஏவியது. முதலாவதின் இடத்தை 2024-இல் ஏவிய மூன்றாவது எடுத்துக்கொண்டது. எப்போதும் இரண்டு சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் பட்டைகளில் 10 மீட்டர், கண்ணுக்குத் தெரியாத சிற்றலை அகச்சிவப்பில் 20 மீட்டர். காலை பத்தரை மணியை ஒட்டிக் கடப்பதால் பிற்பகல் சுடரை அது பெரும்பாலும் பார்ப்பதில்லை. மறுநாள் விட்டுப்போன கறுப்பைப் பார்க்கும். அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை, 30 மீட்டரில். இரண்டு குடும்பங்களையும் இசைவாக்கி நாசா தரும் தொகுப்பில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு படம் கிடைக்கிறது. புல்வெளிக்கு இந்த இடைவெளிதான் உயிர்நாடி.

ஏனென்றால் கரி நிற்காது. காட்டுத்தீயின் தழும்பு ஆண்டுக்கணக்கில் படத்தில் தெரியும். புல்லில் அப்படி இல்லை. மெல்லிய சாம்பல் முதல் பலத்த காற்றிலேயே பறந்துவிடும். அடியில் மண்ணின் நிறம் வெளியே வரும். ஒரு தூறல் விழுந்தால், சில இடங்களில் விழாமலேகூட, இரண்டு வாரத்தில் தூரிலிருந்து பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். பிறகு அந்த இடம் சுற்றியுள்ள காய்ந்த புல்லைவிடச் செழிப்பாகத் தெரியும். எரிந்ததே தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்தால், இங்கே யாரோ நீர் பாய்ச்சுகிறார்கள் என்பார். கிழக்குச் சரிவில் எனக்கு நடந்ததும் அதுதான். அழைப்பு வந்த நாளுக்கு மறுநாள் கிடைத்த படத்தில் மேகம். அடுத்த படத்தில் பாதி மேகம். அதற்கடுத்த தெளிவான படம் கையில் கிடைத்தபோது எல்லைக்கோடு தேய்ந்து, எது கரி எது பாறை என்று பிரிக்க முடியாத நிலை. களப்பொறுப்பாளர் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு விளிம்போரமாக நடந்து பதிந்த தடம்தான் அந்தத் தீக்கு இருக்கும் ஒரே சான்று.

பருவம் முடிந்த பிறகு உட்கார்ந்து சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அன்றே விட்டேன். ஒவ்வொரு புதிய படத்தையும் வந்த அன்றே பார்க்கிறேன். புதிதாகத் தெரியும் கறுப்பின் விளிம்பை அன்றே வரைந்து வைக்கிறேன். சரியாகத் தெரியாவிட்டால் கோடு கோடாக, சந்தேகம் என்று குறித்து. வரையாமல் விட்ட விளிம்பு திரும்பி வராது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதிலும் புல்லுக்கென்று தனி வழி வேண்டியிருந்தது. எரிந்த பரப்பைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் சொல்லித்தருவது என்.பி.ஆர். என்ற குறியீட்டெண். அண்மை அகச்சிவப்பிலிருந்து 2.2 மைக்ரான் சிற்றலை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது. தீக்கு முன் எடுத்த எண்ணிலிருந்து தீக்குப் பின் எடுத்ததைக் கழித்தால் எரிந்த கடுமை தெரியும் என்பார்கள். பச்சைக் காட்டுக்கு இது அருமையாக வேலை செய்யும். பச்சை இலை அண்மை அகச்சிவப்பை வாரித் தெறிக்கும், இலையின் ஈரம் சிற்றலையை விழுங்கும். எரிந்ததும் இரண்டும் தலைகீழாகும். ஆனால் புல் எரிவது காய்ந்த பிறகு. அப்போது அதில் ஈரமும் இல்லை, பச்சையும் இல்லை. தீக்கு முன்பே என்.பி.ஆர். இறங்கித்தான் கிடக்கும். காட்டுக்கு வகுத்த வரம்புகளை நான் அப்படியே போட்டபோது, நேரில் உறுதி செய்யப்பட்ட கரியில் பெரும்பகுதியை "எரியாதது" என்று காட்டியது.

கைகொடுத்தது வேறொரு குறியீட்டெண். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் மிர்பி என்பார்கள். 2001-இல் டிரிக், ஃப்ளாஸ் என்ற இருவர் ஆப்பிரிக்கப் புதர்ப் புல்வெளிக்காக உருவாக்கியது. 2.2 மைக்ரான் பட்டையைப் பத்தால் பெருக்கி, 1.6 மைக்ரான் பட்டையை 9.8-ஆல் பெருக்கிக் கழித்து, வருவதோடு 2 என்ற எண்ணைக் கூட்ட வேண்டும். சென்டினலில் பன்னிரண்டாம், பதினோராம் பட்டைகள். காய்ந்த புல்லிலிருந்து கரியைப் பிரிப்பதில் இது என் கையில் இருந்த மற்ற எதையும்விட நன்றாகச் செய்தது. அதோடு அண்மை அகச்சிவப்பு எவ்வளவு விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். காய்ந்த புல் வெளிறிப் பளபளப்பாக இருக்கும். கரி எல்லாப் பட்டையிலும் இருண்டது. அந்த வீழ்ச்சி ஏமாற்றாது.

சரி, எல்லாவற்றையும் குறியீட்டெண்ணே செய்துவிடுமா என்றால், இல்லை. மேகநிழல் இருண்டது. தண்ணீர் இருண்டது. உழுது போட்ட கரிசல் மண் இருண்டது. மலையின் நிழல் பக்கம் பருவம் மாற மாற நீளும், சுருங்கும். இவற்றைப் பிரிக்க எனக்குத் தெரிந்த சிறந்த கருவி கண்தான். பன்னிரண்டு, எட்டு-ஏ, நான்கு ஆகிய பட்டைகளைச் சிவப்பு, பச்சை, நீலமாக வைத்துப் படம் தயாரித்து, முந்தின படத்தையும் இன்றைய படத்தையும் ஒரே சட்டகத்தில் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். மேகநிழலுக்குப் பக்கத்தில், சூரியனுக்கு எதிர்த்திசையைக் கணக்கிட்டுப் பின்னோக்கிப் போனால் அதே வடிவில் மேகம் இருக்கும். உழவுக்கு நேர்க்கோட்டு விளிம்பு. தீக்கு ஒரு பக்கம் குறுகிய வால், மறுபக்கம் நாக்கு நாக்காக விரிந்த முகம்.

அந்த வடிவம் பேசும். தீ பிடித்த இடத்தில் வால் குறுகலாக இருக்கும். காற்று போன திசையில் அகலும். வழியில் காற்று திரும்பியிருந்தால் பக்கவாட்டு விளிம்பு முழுவதும் புதிய முகமாகி ஓடியிருக்கும். மாட்டுத்தடம், ஓடை, முன்பு எரிந்த திட்டு என எதில் முட்டி நின்றது என்பதும் விளிம்பில் தெரியும். இரண்டு பருவத்தின் விளிம்புகளை அடுக்கிப் பார்த்தபோது பெரும்பாலான வால்கள் ஒரே மண்சாலையின் ஓரத்தில் வரிசையாக இருந்தன. அந்தச் சாலையோரப் புல்லைப் பருவத் தொடக்கத்திலேயே அறுத்துவிடலாம் என்று களக்குழு முடிவெடுத்தது. என் வரைபடம் தரையில் ஒரு வேலையாக மாறிய முதல் தருணம் அது. அன்று நான் அடைந்த நிறைவை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

இன்னொரு தருணத்தையும் சொல்ல வேண்டும், அது நேர்மாறானது. ஒரு வருடம் பருவத்தின் ஆரம்பத்திலேயே சின்னச் சின்னக் கரித்திட்டுகள் வந்தன. ஒன்றிரண்டு ஹெக்டேர், ஒழுங்கற்ற விளிம்பு. நான் அவற்றைச் சிவப்பில் போட்டு, "அத்துமீறி வைத்த தீ" என்று தலைப்பிட்டு அனுப்பினேன். அவை மேய்ச்சல்காரர்கள், களக்குழுவுக்குத் தெரிந்தே, புல்லில் இன்னும் பாதி ஈரம் இருக்கும்போது மாலைப் பனியில் வைத்த தீ. தானே அணைந்துவிடும் தீ. பெரிய தீ வந்தால் தடுத்து நிறுத்தும் திட்டுகளும் அவைதான். படம் வேறு சிலர் கைக்கும் போய், அந்தக் குடும்பங்களை விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு பெரியவர், "கரி மட்டுந்தானே தெரியும் உங்களுக்கு, யார் வெச்சது, எதுக்கு வெச்சதுன்னு அதுல எழுதியா இருக்கு?" என்றார்.

அதன் பிறகுதான் உலகத்தின் மற்றப் புல்வெளிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆண்டுதோறும் உலகில் எரியும் பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்காவில்தான், பெரும்பாலும் மரங்கள் சிதறி நிற்கும் சவானாப் புல்வெளியில். மாதவாரியாகப் படங்களை ஓடவிட்டால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் தீப்பட்டை, ஜூன் முதல் அக்டோபர் வரை தெற்கே இறங்கி நிற்பது தெரியும். மழைக்கு எதிர்ப்பக்கமாக ஆடும் ஊஞ்சல் அது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஃப்ளின்ட் குன்றுகளில் மார்ச், ஏப்ரலில் மேய்ச்சல் நில உரிமையாளர்களே உயரப்புல்லைக் கொளுத்துகிறார்கள். மரங்கள் ஏறி வராமல் இருக்கவும் புதுக்குருத்து வரவும் அது தேவை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் எந்த இடைவெளியில், எந்தப் பருவத்தில் எரித்தால் என்ன ஆகும் என்று 1954-லிருந்து சோதனைத் திட்டுகளை எரித்துப் பார்த்து வருகிறார்கள்.

என்னை மிகவும் தொட்டது வட ஆஸ்திரேலியா. மேற்கு ஆர்னம் நிலத்தில் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2006-லிருந்து அந்த மண்ணின் பூர்வகுடி வனக்காவலர்கள் வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் குளிர்ந்த தீயை வைக்கிறார்கள். பின்பருவத்தில் கட்டுக்கடங்காமல் ஓடும் பெருந்தீ அதனால் குறைகிறது. அதற்குக் கணக்கு வைப்பது செயற்கைக்கோள் படங்களில் வரையும் கரித்தழும்புகள். ஆகஸ்ட் 1-க்கு முன் எரிந்தது ஒரு கணக்கு, பின் எரிந்தது இன்னொரு கணக்கு. மொத்தம் எவ்வளவு எரிந்தது என்பதைவிட எப்போது எரிந்தது என்பதே அங்கே பெரிய கேள்வி. அதைப் படித்த பிறகு என் வரைபடத்திலும் சிவப்பை எடுத்துவிட்டேன். இப்போது மாதத்துக்கு ஒரு நிறம். முன்பருவம் நீலத்தில் தொடங்கிப் பின்பருவம் ஆரஞ்சு வரை. ஒரு பார்வையில் அந்த ஆண்டின் தீ எப்படி நடந்தது என்று தெரிந்துவிடும். யாரையும் குற்றவாளியாக்காது.

தீ குறைந்தால் நல்லது என்று சட்டென்று சொல்வதையும் நிறுத்திக்கொண்டேன். 1998 முதல் 2015 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளில் உலகம் முழுவதும் எரிந்த பரப்பு ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருக்கிறது. முக்கியக் காரணம் சவானாக்களும் புல்வெளிகளும் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் துண்டுபட்டது. தீ போனதோடு அங்கே புல்வெளியும் போயிருக்கிறது. அதேசமயம் அந்தப் பரப்புக் கணக்கும் முழுமையானதில்லை. மாதந்தோறும் வெளியாகும் மோடிஸ் எரிபரப்புத் தரவின் ஒரு பிக்சலே இருபது ஹெக்டேருக்கு மேல். ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே 2016-இல் எரிந்ததை சென்டினல்-2 கொண்டு மறுபடி அளந்தபோது, மோடிஸ் சொன்னதைவிட எண்பது விழுக்காடு அதிகமாக இருந்தது. நான் சிவப்பில் போட்ட அந்தச் சின்னத் திட்டுகள் மாதிரியானவை எத்தனையோ, பெரிய கட்டத்துக்குள் கரைந்து காணாமல் போயிருந்திருக்கின்றன.

இப்போது ஒரு பருவத்தை நான் தீயிலிருந்து தொடங்குவதில்லை, மழையிலிருந்து தொடங்குகிறேன். நல்ல மழை பெய்த ஆண்டில் புல் அடர்த்தியாக வளரும். அடுத்த வறட்சியில் எரிவதற்கு அதுவே விறகு. மத்திய ஆஸ்திரேலியாவின் பாலைப் புல்வெளியில் 2010, 2011 மழைக்குப் பிறகு 2011-இல் பெரும் பரப்பு எரிந்தது இப்படித்தான். எனவே மழை நின்றதும் பசுமைக் குறியீட்டெண் என்னும் என்.டி.வி.ஐ. வரைபடத்தை வாரவாரம் பார்ப்பேன். எந்தச் சரிவு முதலில் காய்கிறது, எது கடைசியில் என்று அதில் தெரியும். தெற்கு மேடு எப்போதும் மூன்று வாரம் முந்திக்கொள்கிறது. களக்குழு அங்கே முதலில் தீக்கோடு, அதாவது தீ தாண்டாதபடி புல்லை நீக்கிய பட்டை, வெட்டுகிறது.

அப்புறம் தினசரி வேலை. காலையில் செவ்வகங்கள், கடந்த நேரத்தோடும் மேக அளவோடும். புதிய சென்டினல் படம் வந்த நாளில் விளிம்பு. வாரத்துக்கு ஒருமுறை களப்பொறுப்பாளரோடு தொலைபேசி. அந்த அழைப்பில் நான் படத்தைச் சொல்லும் முன்பு அவர் பார்த்ததைச் சொல்லவைப்பேன். முன்பெல்லாம் என் படத்தைப் பார்த்துவிட்டு, தன் கண்ணால் கண்டதையே அவர் சந்தேகப்படுவார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்ன இடங்களில் நான் எத்தனையைப் பிடித்தேன், எத்தனையை விட்டேன் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பிற்பகலில் பிடித்து இரவுக்குள் அடங்கும் தீ இன்றும் என் புள்ளிகளில் பெரும்பாலும் விழுவதில்லை. கரியில் விழுகிறது, மேகம் விட்டால்.

போன மாதம் ஐந்து பருவத்தின் விளிம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். கிழக்குச் சரிவு நான்கு முறை எரிந்திருக்கிறது. அதன் நடுவில், ஓடை வளையும் இடத்தில், எந்த ஆண்டு நிறமும் விழாத ஒரு சின்ன வெள்ளைத் திட்டு இருந்தது. மூன்று ஹெக்டேர்கூட இருக்காது. வரைந்ததில் பிழையோ என்று ஒவ்வொரு ஆண்டின் படத்தையும் திறந்து சரிபார்த்தேன். பிழையில்லை. அந்த வாரம் அழைத்தபோது ஓடை வளைவில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். "ரெண்டு பக்கமும் பாறை, நடுவுல இடுப்பளவு புல்லு. எல்லாம் எரிஞ்ச பிற்பாடு குருவிங்க அங்கதான் கூடு கட்டும். ஏன் கேக்குறீங்க?" என்றார். ஐந்து வருடமாக அங்கே நிறம் விழவே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இந்த முறை சாலையோரம் அறுக்கும்போது அந்த வளைவைச் சுற்றியும் ஒரு கோடு வெட்டிவிடலாமா, தப்பித் தவறி ஒரு வருடம் பாறையைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். எந்தப் பக்கம் பாறை இடைவெளி விட்டிருக்கிறது என்று பத்து மீட்டர்ப் படத்தில் பார்த்துக் குறித்து அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரம் வெட்டுகிறார்கள்.